நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

முப்பத்தேழு படங்கள் எடுத்திருந்தான். ஒன்றில்கூட டெல்னாவின் முகம் தெளிவாக இல்லை.

சாக்கோச்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி லேப்டாப் திரையில் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தேவாலயப் பங்கில் கல்யாணமானாலும் சாவானாலும் அவன்தான் படம் எடுக்கிறான். தலைமாட்டில் மூத்த பிள்ளை, கால்மாட்டில் மருமக்கள், குவைத்திலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் என்று சவப்பெட்டியைச் சுற்றி ஆட்களை நிறுத்துவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அப்படிப்பட்டவன் பெற்ற மகளின் அடக்கத்துக்கு எடுத்த படங்கள் இப்படிக் கிடந்தன. ஒன்பது வயது. நான்கே நாள் காய்ச்சல். அடக்கம் முடிந்து இன்றோடு பதினாறு நாள்.

மனைவி ரோசிலி கல்லறைக்குப் போகக் கிளம்பி, குடையும் மெழுகுவர்த்திப் பொட்டலமுமாக ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். ஸ்டுடியோ என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டின் முன்னறைதான். மணி மூன்றரைகூட ஆகவில்லை. அதற்குள் மழை ரப்பர் மரங்களையெல்லாம் இருட்டாக்கி, முற்றத்துக்கு ஒரு பழுப்பு வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"பெட்டியில படுத்திருந்த முகம் எனக்கு மறந்துட்டே போகுது, இச்சாயா. ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்க."

பார்க்கிறேன் என்றான். அவள் போகவில்லை. குடையின் பித்தானைப் போட்டு எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் அவளுக்கு முத்தம் குடுத்தாங்க. பால்காரர் கூட குடுத்தாரு. நீங்க மட்டுந்தான் குடுக்கல."

"நான் படம் எடுத்துட்டிருந்தேன்ல."

"ஆமா. எடுத்துட்டுத்தான் இருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

பெட்டியை மூடுமுன் கொடுக்கிற கடைசி முத்தம் அது. ஒவ்வொருவராக வந்து குனிந்து, நெற்றியில் உதட்டை வைத்துவிட்டு நகர்வார்கள். எல்லாரும் முடித்ததும் தேவாலய ஊழியரான கப்யார் முகத்தை மூடுகிற துணியை எடுத்துக்கொண்டு சாக்கோச்சனைத்தான் பார்ப்பார். படம் போதும் என்றால் சாக்கோச்சன் இடது கையைத் தூக்கி, மூடலாம் என்று காட்டுவான். அதன் பிறகுதான் முகத்தை மூடுவது. எந்தச் சாவிலும் அதுதான் வழக்கம். அன்றைக்கும் கப்யார் பார்த்தார். இவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையைத் தூக்கிவிட்டான். கை பாட்டுக்குத் தூக்கிக்கொண்டது, அவ்வளவுதான். துணி விழுந்து, மூடி விழுந்து, ஆணி இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான், ஐயோ, நான் கொடுக்கவில்லையே என்று உறைத்தது.

முதல் படத்துக்குத் திரும்பப் போனான். ரோசிலி குனிந்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, தலையில் பூமுடி, மூக்கிலும் உதட்டோரத்திலும் பஞ்சு. இத்தனைக்கும் நடுவில் முகம் மட்டும் மங்கல். நெஞ்சின் மேல் கோத்துவைத்த கைகளில் ஜெபமாலையின் ஒவ்வொரு மணியும் எண்ணி எடுக்கிற மாதிரி துல்லியம்.

ஐந்தாவது படத்தில் ஜெபமாலையும் மங்கிவிட்டது. காலுறையின் நூல்கள் தெளிவு. பதினொன்றில் காலுறையும் மங்கிப் பெட்டியின் விளிம்பு தெளிவு. பத்தொன்பதில், பெட்டிக்கு இந்தப் பக்கம் தரையில் நின்ற மெழுகுவர்த்தி. இருபத்தாறில், மெழுகுவர்த்திக்கும் இந்தப் பக்கம் விரிப்பில் உதிர்ந்து கிடந்த ஒரே ஒரு லில்லி இதழ்.

முப்பத்தேழில் தெளிவாக எதுவுமே இல்லை. ஃபோகஸ் விழுந்த இடத்தில் வெறும் காற்று.

காரணம் உடனே பிடிபட்டது. கேமரா சர்வோ ஃபோகஸில் இருந்திருக்கிறது. ஒன் ஷாட்டில் வைத்தால் லென்ஸ் ஒரு முறை பிடித்துக்கொண்டு, பீப் என்று சொல்லிவிட்டு நிற்கும். சர்வோ அப்படி நிற்காது. ஓடி வருகிற ஆளைப் பிடித்துக்கொண்டதென்றால், பட்டனில் விரல் இருக்கிற வரைக்கும் சத்தமில்லாமல் அவரோடேயே கூட வரும். காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிறு முற்றத்தில் டெல்னா சைக்கிள் பழகினாள். இவன் கேட்டருகே குந்தி உட்கார்ந்து, சர்வோவில் போட்டு, லென்ஸின் அப்பர்ச்சரை ஒன்று புள்ளி நான்குக்கு முழுசாகத் திறந்து வைத்து, அவள் நேரே தன்னைப் பார்த்து வருவதை எடுத்தான். அவ்வளவு திறந்தால் ஒரு முடியளவு ஆழம்தான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் காது மங்கும். அத்தனை படத்திலும் அவளுடைய கண் தெளிவாக விழுந்திருந்தது. அப்புறம் கேமராவை யார் தொட்டார்கள்? குடும்பப் படத்துக்கு அப்பர்ச்சரை எட்டில் வைக்க வேண்டும், ஒன் ஷாட்டுக்கு மாற்ற வேண்டும். எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுபோய் நின்றிருக்கிறான்.

சரி, சர்வோ. ஆனால் சர்வோ நகருகிற ஆளைத்தானே பின்தொடரும்?

அந்தக் கேள்வியை அவன் உட்கார்ந்து யோசிக்க விரும்பவில்லை. லென்ஸ்தான் பழுது என்று முடிவுகட்டி, அதைச் சோதிக்க எழுந்தான். மேஜையில் செய்தித்தாளைச் சாய்த்து நிறுத்தி, ஒன் ஷாட்டில் வைத்துப் பிடித்தான். பீப். எழுத்து கத்தி வெட்டினாற்போல விழுந்தது. கிட்டேயிருந்து, தூரத்திலிருந்து, பக்கவாட்டில் என்று பத்துத் தடவை பார்த்தான். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

கேமராவோடு கூடத்துக்கு வந்தான். ஓட்டுக்கு மேல் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, திரு இருதயப் படத்தின் கீழே எரிகிற சின்னச் சிவப்பு பல்பு கரண்ட் இல்லாமல் அணைந்து கிடக்க, பதினாறு நாள் கழிந்தும் திரைச்சீலையை விட்டுப் போகாத குந்திரிக்கப் புகையின் வாசமும் வாடின லில்லியின் இனிப்பு நாற்றமும் ஈரச் சுவரின் வாடையோடு கலந்து தொண்டையில் நின்றன. கூடத்தின் கோடியில் டெல்னாவின் அறைக்கதவு திறந்திருந்தது. ரோசிலி அதைச் சாத்த விடுவதில்லை.

கேமராவை நெஞ்சோடு வைத்து அந்தக் கதவைப் பார்க்கத் திருப்பி, சர்வோவில் போட்டு, பட்டனைப் பாதி அழுத்தினான். லென்ஸின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. எத்தனை மீட்டரில் ஃபோகஸ் நிற்கிறது என்று அதில் தெரியும். மேலிருந்து குனிந்து பார்த்தான். ஐந்து. கதவு இருக்கிற தூரம்.

நான்கரை.

கையை ஆட்டிவிட்டோமோ என்று முழங்கைகளை விலாவோடு அழுத்திக்கொண்டான். லென்ஸுக்குள் மோட்டார் மெல்ல முனகியது. நான்கு. கொஞ்சம் நின்றது. மூன்றரை. மறுபடி நின்றது. ஒரு சின்னக் கால் எடுத்து வைத்து, நின்று, மறு கால் எடுத்து வைக்கிற கணக்கு அது.

நிமிர்ந்து பார்த்தான். கூடம் காலியாக இருந்தது. சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி, சுவரில் சாய்த்த சிவப்பு சைக்கிள். ஈரத் தரையில் கதவின் நிழல்கூட அசையவில்லை.

ஒன் ஷாட்டுக்கு மாற்றினான். நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் கதவைத்தான் பிடிக்கும்.

பீப்.

இரண்டரை மீட்டர்.

விரல் தானாக முழுசாக அழுத்திவிட்டது. ஷட்டர் சத்தம் வெற்றுக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. பின்பக்கத் திரையில் கதவு மங்கல், மேஜை மங்கல், சைக்கிள் ஒரு சிவப்புக் கறை. எல்லாவற்றுக்கும் நடுவில், அந்தரத்தில், தரையிலிருந்து ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை உயரத்தில், வெள்ளைச் சரிகைப் பின்னலின் ஓரம் ஒன்று மட்டும் விரலளவுக்குத் துல்லியமாக நின்றது. பூமுடியின் கீழே தைத்த சரிகை. அதைக் கடையில் தேர்ந்தெடுத்தவனே அவன்தான்.

பயந்தான். பெற்ற பிள்ளைக்கு பயப்படுகிறேனே, நான் எல்லாம் ஒரு தகப்பனா என்று வெட்கமும் வந்தது. வெட்கத்துக்காக பயம் குறையவில்லை.

அப்பர்ச்சரைப் பதினாறுக்குச் சுருக்கினான். அப்போது முன்னே இருப்பது, பின்னே இருப்பது, எல்லாம் சேர்ந்து தெளிவாக விழும். யாராவது நின்றால் தலையிலிருந்து கால் வரை தெரிந்தே ஆக வேண்டும். மேஜை மேல் கேமராவை ஊன்றி எடுத்தான். இருண்ட படம். கதவின் தாழ்ப்பாள் தெளிவு, நாற்காலியின் பிரம்பு தெளிவு, சைக்கிளின் ஒவ்வொரு கம்பியும் தெளிவு. சரிகை இல்லை. யாருமே இல்லை.

எல்லாவற்றையும் காட்டு என்றால் அவள் இல்லை. மறுபடி ஒன்று புள்ளி நான்குக்குத் திறந்து, சர்வோவில் போட்டான். லென்ஸ் உடனே பிடித்துக்கொண்டது.

ஒன்றரை.

உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. இவன் கேமராவைத் தூக்கினால் போதும், எங்கிருந்தாவது ஓடி வந்து லென்ஸின் கண்ணாடியில் உதட்டை ஒற்றிவிட்டுப் போவாள். எடீ, கறை பட்டால் போகாதடீ என்று கத்திக்கொண்டே துணியால் துடைப்பான். அப்பனை அவள் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள். சாச்சாவோட மூஞ்சி இதுதானே, வேற எங்க குடுக்கறது என்பாள். ஒரு நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்:

"அப்ப கேமராவ எடுங்க, சாச்சா. உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கணும்."

அன்றைக்குச் சிரித்தான். எடுக்கவில்லை.

இப்போது புரிந்தது. முப்பத்தேழாவது படத்தின்போது அவள் பெட்டியில் இல்லை. எல்லார் முத்தத்தையும் வாங்கிக்கொண்டே எழுந்து, பெட்டியை விட்டு இறங்கி, மெழுகுவர்த்தியைத் தாண்டி, பாக்கியிருந்த ஒரே ஆளிடம் வந்து நின்றிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அவன் கையைத் தூக்கினான்.

"மோளே," என்றான்.

மண்டியிட்டான். அவள் உயரத்துக்கு. கேமராவைக் கீழே வைக்கத்தான் மண்டியிட்டான். நெற்றியைக் காட்ட வேண்டும், அல்லது அவளுடைய நெற்றி எங்கே என்று தடவிப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு முத்தம், அதோடு அவளும் நிம்மதியாகப் போவாள். கேமரா இல்லாவிட்டால் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாதே. தெரியாமல் எப்படி. கேமராவைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

வளையம் திரும்புகிற அளவை இடது கை விரல்கள் உணர்ந்தன. ஒரு மீட்டர் இருக்கும். லென்ஸ் முனகியது.

லில்லி வாசம்.

எழுபது சென்டிமீட்டர்.

பஞ்சு வாசம். ஆஸ்பத்திரி வாசம்.

ஐம்பது.

நாற்பத்தைந்து. வளையம் கடைசி வரை போய் முட்டி நின்றது. அதற்கும் கிட்டே வந்தால் அந்த லென்ஸுக்குக் கண் தெரியாது. முன்னும் பின்னும் போய் தேடியது. தேடியது. தேடியது.

அவள் அதற்கும் கிட்டே வந்துவிட்டாள்.

விரலுக்கடியில் லென்ஸ் குளிர்ந்தது. ஐஸில் போட்டெடுத்த குளிர். வியூஃபைண்டர் மெல்ல வெளுத்தது, கண்ணாடியில் யாரோ ஊதின மாதிரி. வெளுப்பு விலகியது. மறுபடி வெளுத்தது. விலகியது.

காத்திருந்தாள்.

எடு. கேமராவை எடு. எடுடா.

வலது கை அசையவில்லை. கண் வியூஃபைண்டரை விட்டு வரவில்லை. இடது கை அசைந்தது. லென்ஸைத் தாங்கியிருந்த கை. அது விலகி, உயர்ந்து, காதுக்குப் பக்கத்தில் வந்து விரிந்து நின்றது.

மூடலாம்.

ஐயோ, இல்லை, இல்லை மோளே என்று உள்ளே அலறினான். கை இறங்கவில்லை.

லென்ஸ் தேடுவதை நிறுத்தியது. பிடித்துக்கொண்டது. விரல் பட்டனிலேயே இருந்ததால் அவளோடேயே போனது. கண்ணை இறக்கி அந்தச் சின்னச் சன்னலைப் பார்த்தான். ஒன்று. நின்றது. ஒன்றரை. நின்றது. இரண்டு. அவசரமே இல்லாத நடை. மூன்று. நான்கு. ஐந்து.

பதினாறு நாளாகத் திறந்தே கிடந்த அறைக்கதவு உள்ளேயிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ரோசிலி குடையை உதறிக்கொண்டு, கரண்ட் வந்துடுச்சா என்று கேட்டபடி படியேறினாள். அவன் மண்டியிட்டபடியே, இடது கையைத் தூக்கியபடியே, கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லென்ஸ் கண்ணாடியில் இரண்டு சின்ன உதடுகளின் தடம் ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தில் பஞ்சு இழை ஒன்று ஒட்டியிருந்தது.