நாற்பத்தோராம் குழாய்

காலை ஏழு மணிக்குக் குளிர்கிடங்கைத் திறக்க வேண்டும். ஒரு குழாயை எடுத்து நீளவாக்கில் பிளந்து, வருடியில் ஒருமுறை படமெடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கடலடி மண்ணைச் சாக்கடையில் கழுவிவிட வேண்டும். ஜெசிந்தாவுக்கு இப்போது இதுதான் வேலை. தரவு களஞ்சியத்தில் ஏறிவிட்டால் மண்ணைக் காக்க மின்சாரம் கிடையாது என்று அரசாணை. பதினைந்து வருடம் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே அவள் அள்ளிவந்த மண்! ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

அன்று வந்தது நாற்பத்தோராம் குழாய். நாடே அறிந்த குழாய். முன்பொரு வெப்ப யுகத்தில் ஏறிய கடல் இருபதே ஆண்டில் இறங்கிப்போனது என்று அதை வைத்துத்தான் கணித்தார்கள். அப்போது குழாயைப் பிளக்கவில்லை, ஓரத்தில் துளையிட்டு மாதிரி எடுத்ததோடு சரி. அந்தக் கணிப்பை நம்பித்தான், ஒன்பது வருடம் முன் மூழ்கிய கரையோரக் குடும்பங்களை அரசு கேட்டது: மலைமேட்டில் வீடா, பழைய மனைக்குத் திரும்பும் சீட்டா? அவள் தம்பி லூர்துராஜ் சீட்டை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மிதவைக் குடியிருப்பில் கிடக்கிறான். மேட்டு வீட்டுப் பதிவைப் போன வருடமே மூடிவிட்டார்கள்.

பிளந்து பார்த்தாள். நடுவில் ஒரு சாண் புயல் மணல். புயல் கிளறிய மணலில் பருமணல் முதலில் படியும், பொடி அதன்மேல் படியும். இதில் பொடி கீழே, பருமணல் மேலே. அடுத்த அடுக்கும் அப்படியே. குழாயின் இரு நுனி மூடிகளையும் பார்த்தாள். இரண்டும் வெள்ளை.

மேல் நுனிக்கு நீல மூடி, அடி நுனிக்கு வெள்ளை. கப்பலில் அதுதான் வழக்கம். இந்தக் குழாயை எடுத்த பயணத்தில் நீலம் தீர்ந்துபோனது. இரு பக்கமும் வெள்ளையை மாட்டி, அடையாளத்துக்கு மேல் நுனியில் தன் தலை ரிப்பனைக் கட்டினாள். குழாயைத் தளத்தில் கிடத்திய பிறகு, எது மேல் நுனி என்பதை நினைவிலிருந்து வைத்துக் கட்டினாள். அடிப்பாவி, அடி நுனியில் கட்டித் தொலைத்திருக்கிறாள்! எல்லாரும் தலைகீழாக வாசித்திருக்கிறார்கள். திருப்பி வைத்தால் கீழே நிலத்து மண், மேலே கடல் மண். கடல் இறங்கிப்போன கதையே அல்ல, வந்து தங்கிவிட்ட கதை.

இயக்குநர் சபாபதியிடம் ஓடினாள்.

"சார், நாப்பத்தொண்ணு தலைகீழா ஏறியிருக்கு. தப்பு என்னுது."

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "திருத்தம் அனுப்புறேன். ஆனா மேட்டுல எடமில்லம்மா. முப்பது லட்சம் பேர் சீட்டோட உக்காந்திருக்காங்க. இனி எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"என் தம்பி என்னக் கேட்டுட்டுத்தான் சார் சீட்டு வாங்குனான்."

அவர் திருத்தப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

மதியம் லூர்துராஜே அழைத்தான், வாராவாரம் அழைப்பதுபோல.

"ஏல, கடல் எறங்காதுல. நான் ரிப்பன மாத்திக் கட்டிட்டேன்." அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நம்ம பழைய வீட்டுக்குப் புது வாசக்கால் செஞ்சு வச்சிருக்கேன்க்கா," என்றான் அவன். "சரி, விடு. பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிராத."

அதற்குள் அவன் மகள் ஸ்டெல்லா போனைப் பிடுங்கிவிட்டாள். "அத்த, இன்னும் எத்தன வருசம்?"

"பதினொண்ணு மக்கா."

"போன வருசம் பன்னெண்டு சொன்னீங்க. சரியாத்தான் இருக்கு. அப்ப எனக்கு இருபது வயசுல நம்ம வீட்டுக்குப் போயிருவோம்."

"ஆமா மக்கா," என்றாள் ஜெசிந்தா.