நாற்பத்து மூன்றாவது கருவி

கீய்ங்... கீய்ங்... கீய்ங்...

கையிலிருந்த காபி தளும்பிப் புடவையில் கொட்டியது.

காலை ஒன்பது நாற்பது. அந்தக் குளிர்கிடங்கின் மாடி அலுவலகத்துக்கு நாங்கள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்காணிப்பு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி, கடவுச்சொல்லோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, முதல் தேடலை ஓடவிட்டுவிட்டு அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் இந்த அலறல்.

"குழந்தை பிறந்ததும் அழணும் அண்ணி. அழலேன்னாதான் கவலைப்படணும்" என்றான் என் கொழுந்தன்.

எந்தக் கருவியைத் தொட்டாலும் "இதுக்கு இன்னும் பத்து நாள்தான் ஆயுசு" என்று ஆரூடம் சொல்வதால் தொழிலில் அவனுக்கு ஜோசியர் என்று பெயர். நானும் அவனும் சேர்ந்ததுதான் எங்கள் கம்பெனி. மூன்றாவது ஆள் கிடையாது.

கீழே வரிசையாக ஆறு குளிர் அறைகள். அவற்றிலுள்ள வெப்பநிலை சென்சார்கள், கதவு சென்சார்கள், கேமராக்கள், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குகிற அவசரப் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவர வேண்டும். ஒழுங்காக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. நான்கு மணிக்கு முதலாளி பார்க்க வருகிறார். திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் வருட ஒப்பந்தம் எங்களுக்கு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் கொடுத்த பட்டியலில் இருந்தவை நாற்பத்திரண்டு கருவிகள். மென்பொருள் கண்டுபிடித்தவை நாற்பத்து மூன்று.

கூடுதலாக வந்த அந்த ஒன்றுதான் அலறியது.

பெயர் இல்லை. வகை தெரியவில்லை. இடம்: ஆறாம் அறை. வெப்பநிலை: மைனஸ் இருபத்திரண்டு.

"பழைய சென்சார் எதையாவது கழட்டாம விட்டிருப்பாங்க. தூக்கிடுங்க" என்றான் ஜோசியர்.

நீக்கினேன். ஐந்து நிமிடத்தில் அடுத்த தேடல் ஓடியது. திரும்பவும் வந்து நின்றது.

மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் பதினோரு தடவை நீக்கியிருப்பேன். கீழே போய், எல்லா ஒயர்களும் வந்து சேருகிற பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். ஆறாம் அறையிலிருந்து வருவது ஏழு ஒயர்கள். பட்டியலில் அந்த அறைக்கு ஏழு கருவிகள். கணக்கு கச்சிதம். எட்டாவது எதில் தொங்கிக்கொண்டு பேசுகிறது?

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேனேஜர் வேறு அரைமணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"மேடம், இன்னும் ஒண்ணு சிவப்பா இருக்கே?"

"பாத்துட்டுதான் இருக்கேன் சார்."

"நீங்க பாக்கிறது சரி. நாலு மணிக்கு அவரு பாக்கும்போது இருக்கக் கூடாது."

மூன்று மணிக்கு ஜோசியர் எழுந்து ஜாக்கெட்டை மாட்டினான். சாதாரண ஜாக்கெட். குளிர் அறைக்குப் போகிறவர்கள் போடும் கனத்த கோட்டு கீழே ஆணியில் தொங்கியது.

"நேர்ல போய்ப் பாத்துடறேன் அண்ணி. ரெண்டு நிமிஷ வேலை."

"கோட்டு போட்டுக்கோ தம்பி. எலக்ட்ரீஷியன் வந்ததும் போன்னு சொன்னாங்க. உள்பக்கக் கைப்பிடி சரியில்லையாம்."

"கதவுக்கு முட்டு வச்சுட்டுப் போறேன். அந்த ரூம் கதவு சென்சாரை மட்டும் கொஞ்சம் அமுக்கி வைங்க, கதவு திறந்திருக்குன்னு அது வேற கத்தும்."

படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் கம்ப்ரசர்களின் உறுமல் மட்டும்.

மென்பொருளில் ஒரு கருவியை மட்டும் அமைதியாக்கலாம். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே சொடுக்கில் அமைதியாக்கலாம். இருந்த எரிச்சலில் நான் ஆறாம் அறை முழுவதையும் அமைதியாக்கினேன். காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. 'தொல்லை' என்று தட்டினேன்.

சிவப்பு மறைந்தது. திரை பச்சைப் பசேல்.

காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சுவிட்டேன்.

மூன்று இருபதுக்கே முதலாளி வந்துவிட்டார். மேனேஜர் அவரை அழைத்து வந்து என் பின்னால் நிறுத்தினார். நான் விளக்க ஆரம்பித்தேன். இதற்குள் ஜோசியர் திரும்பி வந்திருக்க வேண்டும். கீழே லோடுமேன்களோடு அரட்டையடித்துக்கொண்டிருப்பான் என்று பல்லைக் கடித்தேன்.

கீய்ங்.

திரையின் ஓரத்தில், எந்தத் தொகுதியிலும் சேராமல், தனியாக ஒரு சிவப்புக் கட்டம்.

பெயர் இல்லை. வகை தெரியவில்லை.

இடம்: ஆறாம் அறை. வெப்பநிலை: முப்பத்தாறு புள்ளி எட்டு.

"என்னம்மா இது? ஃப்ரீசர்ல முப்பத்தாறு டிகிரியா?" என்றார் முதலாளி.

"கெட்டுப்போன சென்சார் சார். அதே அறையில மத்த எல்லாம் மைனஸ் இருபத்திரண்டுதான் காட்டுது, பாருங்க."

அமைதிப் பொத்தானை அமுக்கினேன். வேலை செய்யவில்லை. நீக்கினேன். நீங்கவில்லை.

முப்பத்தாறு புள்ளி இரண்டு.

"அந்த ஒண்ணை மட்டும் அணைங்க மேடம்" என்று மேனேஜர் என் காதருகே சீறினார்.

"அணைய மாட்டேங்குது சார்!"

"காலையிலேருந்து இதைத்தானே சொல்றீங்க!"

முப்பத்தைந்து புள்ளி ஐந்து.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க உழைத்தும், ஊர் பேர் தெரியாத ஒரு தகரத் துண்டு என் பிழைப்பைக் கெடுக்கிறது. லேப்டாப்பை மூடப் போனேன். எண் மறுபடியும் மாறியது.

முப்பத்தைந்து புள்ளி ஒன்று.

கை அப்படியே நின்றது.

கெட்டுப்போன சென்சார் குதிக்கும். கன்னாபின்னாவென்று ஏறும், இறங்கும். இது நிதானமாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எப்போது இறங்கும் என்று ராத்திரியெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்து பார்க்கிற எண்கள்தான் இவை.

இது அறையின் சூடு இல்லை.

உடம்பின் சூடு.

அமைதியாக்கிய தொகுதியைத் திறந்தேன். ஆறாம் அறை. கதவு: மூடியிருக்கிறது. அவசரப் பொத்தான்: பதினேழு முறை அமுக்கப்பட்டது. எதிரே நான் தட்டிய காரணம்.

தொல்லை.

"தம்பி!"

நாற்காலி கவிழ்ந்தது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே எலக்ட்ரீஷியன் அப்போதுதான் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் கூடவே ஓடி வந்தார்.

"முட்டு வச்சிருந்தானே! முட்டு வச்சிட்டுப் போறேன்னுதானே சொன்னான்!"

"இங்க கதவு திறந்திருந்தா யாரா இருந்தாலும் சாத்திட்டுத்தான் போவாங்க மேடம். குளிர் போயிடும்னு அவ்வளவு பழக்கம். கை தானாப் போகும்." மூச்சிரைக்க ஓடியபடியே சொன்னார். "பொத்தான் அடிக்கலையா? அலாரத்தை அமுக்கி வச்சீங்களா?"

நான் ஓட்டத்தைக் கூட்டினேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான், தொல்லையா இருக்குன்னு அமுக்கி வச்சாங்க. லோடுமேன் ஒருத்தர், இதே ரூம்ல. மறுநாள் காலையிலதான் பாத்தோம்."

நடைபாதையில் உறைந்த அட்டைப்பெட்டியின் வாடை. குழல்விளக்கின் வெளிச்சத்தில் கதவிடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்தது. ஆறாம் அறை கடைசி. கதவின் பக்கத்தில், யாரோ அக்கறையாக ஓரத்தில் எடுத்து வைத்த முட்டுக்கட்டை.

எலக்ட்ரீஷியன் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து தொங்கினேன்.

உள்ளே சத்தமே இல்லை.

தட்டவில்லை. கத்தவில்லை.

கதவு படீரென்று விட்டுக்கொடுத்தது. பனி மூட்டம் முகத்தில் அறைந்தது. ஒன்றும் தெரியவில்லை. இமைகூட விறைத்தது.

"தம்பி!"

பெட்டி அடுக்குகளுக்கு நடுவே, தரையில் குந்தியிருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு. உதடு நீலம். தலைமுடியில் வெள்ளைப் பொடி. கை, கால், முகமெல்லாம் பனி படிந்திருந்தது.

முதுகிலும் தோளிலும் மட்டும் படியவில்லை.

அதைப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். கட்டை மாதிரி கனத்தான். வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டு, கனத்த கோட்டைப் போர்த்தி, அவன் கன்னத்தை மாறி மாறித் தேய்த்தேன்.

"என்னைப் பாரு தம்பி! டேய், ஜோசியரே! எனக்கு முன்னாடி உன் ஆயுசு முடியாது, கேக்குதா!"

இமை அசைந்தது. கண் திறந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்கு வெகுநேரம் ஆனது.

பின்னால் மேனேஜரும் முதலாளியும் ஓடிவரும் காலடிச் சத்தம். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்தார். அவர் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போனது.

கோட்டுக்குள்ளிருந்து ஜோசியரின் விரல்கள் வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தன. பிடியில் வலுவே இல்லை. பல் கிட்டித்துப் போயிருந்தது. நான் குனிந்து அவன் வாயருகே காதை வைத்தேன்.

"கதவைச் சாத்த வேணாம்னு சொல்லுங்க அண்ணி... இவ்வளவு நேரம் என்னைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்தவரு இன்னும் வெளிய வரலை."