உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி

முதல் கொம்பு ஊதியாகிவிட்டது. இரண்டாவது கொம்புக்குள் கூடையோடு போய் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. மார்கழி மாதம், காப்பிச் செடியெல்லாம் பழம் சிவந்து நிற்கிற காலம். எஸ்டேட்டில் துரை வீட்டு நாய்க்குக்கூட ஓய்வில்லை. ஆனால் பூவாயி இன்னும் கூழ்ச்சட்டியோடு மாமியாருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ளே, நேரமாச்சு. அப்பறமா ஊட்டிக்கலாம், வா" என்று வாசலில் இருந்து கருப்பண்ணன் குரல் கொடுத்தான்.

"நேத்துப் பூராவும் ஒண்ணுமே உள்ள போகலீங்க. நீங்க முன்னால போங்க, நான் ஓடியாந்தர்றனுங்க."

அவனும் என்ன செய்வான்? பெற்ற தாய் வீராயி, மகனையே மறந்து ஐந்து மாதமாகிறது. முதலில் சாமான் வைத்த இடத்தை மறந்தாள். பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள். இப்போது கருப்பண்ணன் கிட்டே போனால், மேஸ்திரி அடிக்க வருகிறார் என்று மூலையில் ஒடுங்குகிறாள். வாயில் வைத்ததை விழுங்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துபோனதுதான் பெரிய கொடுமை.

கணவன் தலை மறைந்ததும் பூவாயி கதவைச் சாத்தினாள். குரலை அடக்கிக்கொண்டு தொடங்கினாள்.

"மலையேறி வந்தவளே, என்னப் பெத்த அம்மா... நீ
மண்ணேறிப் போனதென்ன, என்னப் பெத்த அம்மா..."

வீராயி நிமிர்ந்தாள். அவளுடைய கை தொடையில் தாளம் தட்டியது. வாய் திறந்தது. பூவாயி கூழை ஊற்றினாள். மடக் மடக்கென்று உள்ளே இறங்கியது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு சாவு நாளில்தான். ஒரு காலத்தில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் அந்த லயத்து வரிசை வீடுகளில் யார் செத்தாலும் வீராயி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒப்பாரியே தொடங்கும். ஐப்பசியில் பக்கத்து வீட்டுக் கிழவர் போனார். பெண்கள் அழுத சத்தம் கேட்டதும், இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்த வீராயி எழுந்து உட்கார்ந்தாள். அழுகை நிற்கும்வரை ஊட்டியதையெல்லாம் குடித்தாள். அன்றிலிருந்து பூவாயி ஆளில்லாத வேளை பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறாள்; நேற்று அந்த வேளை வாய்க்கவில்லை. ஒளிந்துதான் பாட வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிற வீட்டில் ஒப்பாரி வைப்பது எமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அன்று பார்த்துக் கருப்பண்ணனின் அக்கா, பூவாயிக்கு நங்கை முறையான பொன்னாயி, கிளியூரிலிருந்து தாயைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரும்போதே பாட்டு காதில் விழுந்தது. அவ்வளவுதான். மடியிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் உருண்டோட, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்தவளே, போயிட்டயா" என்று கதறியபடி ஓடிவந்து கதவைத் தள்ளினாள்.

பெற்றவள் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப் பாவி... உசுரோட இருக்கற எங்காத்தாளுக்கு ஒப்பாரியா வெக்கறே?"

"நங்கே, அப்படி இல்லீங்க. இதக் கேட்டாத்தானுங்க அத்தை வாயத் தொறக்கறாங்க..."

"பேசாதே. மலடின்னு எங்காத்தா ஒரு சொல் சொன்னத மனசுல வெச்சுக்கிட்டு, புத்தி கெட்டுக் கெடக்கறப்பப் பழி தீத்துக்கறயா?"

ஒரு சொல்லா? பத்தொன்பது வருடம், லயமே கேட்கச் சொன்ன சொல் அது. மாமியார் உடைத்தால் மண்குடம். பூவாயி தலை குனிந்துகொண்டாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள், மாமியாரைப் பாடியே கொல்லப் பார்த்தாள் என்று காப்பிக்காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

கருப்பண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு கற்பூரத்தை எடுத்துத் தரையில் ஏற்றினான்.

"என்ன இருந்தாலும் எங்காத்தா. உன்ன நம்பித்தான உட்டுட்டுப் போனேன், பூவாயி. இனி அந்தப் பாட்டு உன் வாயில வராதுன்னு எம்மேல சத்தியம் பண்ணு. இல்லாட்டி உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு."

"ஏனுங்க, ஒருக்கா நின்னு கண்ணால பாத்துப்போட்டுச் சொல்லுங்களேன்."

"அந்தக் கண்றாவிய நான் பாக்கோணுமா?"

அப்பன் வீட்டுக்குப் போய்விட்டால் அத்தைக்கு யார் ஊட்டுவார்கள்? அந்த ஒரு நினைப்பில்தான் அவள் கையை நீட்டிக் கற்பூரத்தை அணைத்தாள்.

ஆனால் ஊட்டுகிற வேலையும் அவளிடம் இல்லாமல் போயிற்று. பொன்னாயி அங்கேயே தங்கிவிட்டாள். பெற்ற மகள் அல்லவா, குறையே வைக்கவில்லை. கூழைக் கரைத்தாள், பாலைக் காய்ச்சினாள், மடியில் போட்டுக் கெஞ்சினாள். தாலாட்டுக்கூடப் பாடிப் பார்த்தாள். வீராயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழம் பறித்துவிட்டு வரும் பூவாயி வாசலில் நின்று சட்டியை எட்டிப் பார்ப்பாள். வைத்தது வைத்தபடி இருக்கும். தொண்டை வரை வந்த பாட்டை விழுங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போவாள். அவளுக்கும் அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீராயியின் உதடு வெடித்திருந்தது. கையைத் தூக்கினால் தொப்பென்று விழுந்தது. பொன்னாயி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பாத்தேன், பூவாயி. ஆத்தா வாங்கி வாங்கிக் குடிச்சா. கண்ணால பாத்துட்டே உன்ன அத்தன பேச்சுப் பேசினேன்... வந்து பாடு, சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னால ஆகாதுங்க நங்கே. அவுங்க தலமேல சத்தியம் பண்ணிட்டனுங்க. நீங்க பாடுங்க."

"நானா? பெத்தவளுக்கு உசுரோட நானே..."

"பசிச்சுக் கெடக்கறாங்க, நங்கே."

பொன்னாயி தாயின் வெடித்த உதட்டை முந்தானையால் ஒற்றினாள். பிறகு தொடங்கினாள். முதல் வரி உடைந்தது. இரண்டாம் வரியில் அழுகை கலந்தது. வீராயியின் கண் திறந்தது. மெல்ல நகர்ந்து வந்து, சாவு வீட்டுக்கு வந்தவள் செய்கிற மாதிரியே, பொன்னாயியின் தோளில் கையைப் போட்டுக் கட்டிக்கொண்டாள்.

"அழுவாத கண்ணு. உங்க ஊட்டுல ஆரு போயிட்டாங்க?"

"எங்காத்தாளுங்க" என்றாள் பொன்னாயி.

"ஐயோ... ஆத்தாளா? அப்பன்னா அழுவு, கண்ணு. நல்லா அழுவு. இதுக்கு அழுவாம வேற எதுக்கு அழுவறது?" என்ற வீராயி, விட்ட இடத்திலிருந்து தானே எடுத்துப் பாடினாள்.

"கூட வந்த கூடையெல்லாம், என்னப் பெத்த அம்மா... உன்னக்
காணோமின்னு தேடுதடி, என்னப் பெத்த அம்மா..."

ஒரு சொல் பிசகவில்லை. மகள் தாயின் மடியில் விழுந்து கதறினாள். தாய் யாருடைய மகளையோ தேற்றினாள்.

"அங்க தனியா நிக்கறது ஆரு?"

"மருமவளுங்க."

"செத்தவளோட மருமவளா? ஏன் அவளத் தள்ளி நிக்க வெச்சிருக்கீங்க? மவளுக்கு ஆறுதல் சொல்லப் பத்துப் பேரு வருவாங்க. கூடக் கெடந்து பீ மூத்திரம் அள்ளினவளுக்கு ஆரு இருக்கறா? வா சாமி. இங்க வந்து உக்காரு."

பூவாயி தவழ்கிறவள் மாதிரி வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவளைத் தொட்டு அணைக்காத கை, அவள் தோளைச் சுற்றி வளைத்து இழுத்துக்கொண்டது.

விறகுக் கட்டோடு வந்த கருப்பண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிற இடத்துக்குள் ஆண்கள் போவதில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே சொன்னான்.

"அக்கா... அவளப் பாடச் சொல்லு. அந்தச் சத்தியம் என்னோட போவட்டும்."

"எம்மேல வருத்தமில்லையே, பூவாயி" என்று பொன்னாயி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூவாயி கூழ்ச்சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். இந்த முறை கதவு திறந்தே இருந்தது.

வீராயி ஒரு வாய் குடித்தாள். இரண்டு பெண்களின் கண்ணையும் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அழுவுங்க, சாமி. இப்பிடி அழுவ ரெண்டு பேரு இருக்கறாங்களே... செத்தவ நொம்பக் குடுத்து வெச்சவ" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.