உட்காருங்கம்மா, ஒரே நிமிஷம்

அன்றும் கே.ஜி.எஃப். வீட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, அல்சூர்ப் பக்கத்து மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறினாள் பிரிசில்லா. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். அன்றைய பாடம் சென்ட்ரல் லைன். கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக் குழாயில் செருகிய டியூபை ஆபத்தில்லாமல் எடுப்பது எப்படி என்று காட்ட வேண்டும். பழைய வார்டைத் தடுத்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். பகலிலும் அங்கே மங்கல்தான். ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே ஈர ஊதுபத்தி மாவின் வாசனை லேசாக வீசியது.

"பேஷன்ட்டை மல்லாக்கப் படுக்க வைக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்லி, அப்புறம்தான் இழுக்கணும். உக்கார வெச்சு இழுத்தா காத்து உள்ள பூந்துடும். இதயத்துக்குப் போச்சுன்னா ஆள் காலி."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம்!

போன மாதம் தாயம்மாவை உட்கார வைத்து இழுத்தவளே அவள்தான். தாயம்மா நீலசந்திராவில் ஊதுபத்தி உருட்டிப் பிழைத்தவள். உடம்பு தேறி வீட்டுக்குக் கிளம்ப இருந்தாள். "தல சுத்துது சிஸ்டர், படுத்துக்கட்டுமா?" என்று கெஞ்சினாள். பிரிசில்லாவுக்குச் சாயங்கால ரயில் போய்விடுமே என்ற பதைப்பு. "உக்காருங்கம்மா, ஒரே நிமிஷம்" என்று சொல்லி இழுத்தாள். தாயம்மா உட்கார்ந்த நாற்காலியிலேயே செத்துப்போனாள்.

பழி, பக்கத்தில் பஞ்சோடு நின்ற புது நர்ஸ் வைஷ்ணவி தலையில் விழுந்தது. அன்று மதியம் விசாரணை. இழுத்தது வைஷ்ணவிதான் என்று பிரிசில்லா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண். சொல்வதாகத்தான் இருந்தாள்.

பயிற்சிப் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டுக் கையுறை எடுக்கத் திரும்பினாள்.

பின்னால் சிரிப்பு.

"மேடம், நம்ம பேஷன்ட்டுக்கு வீட்டுக்குப் போக ரொம்ப அவசரம்" என்றான் நோயல். பயிற்சிக்கு வந்த நர்ஸுகளில் வாயாடி அவன்.

பொம்மை உட்கார்ந்திருந்தது.

"யாருப்பா தொட்டது?"

யாரும் தொடவில்லை. மறுபடி படுக்க வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஊதுபத்தி மாவு வாசனை குப்பென்று ஏறியது. மாவு பிசைந்த ஈர விரல்கள் அவள் கழுத்தில் படிந்தன. பிரிசில்லா சரிந்து விழுந்தாள். நோயல் ஓடிவந்து அவளைக் கட்டிலில் கிடத்தினான்.

கிடத்தியதும் மூச்சு அடியோடு நின்றது.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு.

"உக்காருங்க சிஸ்டர்."

நோயலின் சட்டையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வந்தது.

"நான்தான் இழுத்தேன்! வைஷ்ணவி இல்ல, நான்தான்! தாயம்மா, என்னை விட்டுடு!"

வகுப்பே கேட்டது. வைஷ்ணவியின் வேலை தப்பியது, பிரிசில்லாவின் வேலை போனது. ஆனால் தாயம்மாவின் ஆத்திரம் ஆறவில்லை.

கே.ஜி.எஃப். வீட்டில் இன்றும் பிரிசில்லா நாற்காலியில்தான் தூங்குகிறாள். கால்கள் வீங்கிவிட்டன. "கொஞ்சம் சாஞ்சு படேன்" என்று கணவன் வின்சென்ட் தலையணையை வைத்தால் போதும், மூச்சு நின்று முகம் நீலம் பாரிக்கிறது. அவன் வெளியே போன நேரம் பார்த்து, வெறும் அறையைப் பார்த்துக் கெஞ்சுகிறாள்.

"தல சுத்துது தாயம்மா, படுத்துக்கட்டுமா?"

ஊதுபத்தி மாவு வாசனை வருகிறது. பதிலும் வருகிறது, ஒரு அவசரமும் இல்லாத குரலில்.

"ஒரே நிமிஷம் சிஸ்டர்."