முந்தைய படம்

தூத்துக்குடியில் சாலையைக் கடக்குமுன் பாதிப் பேர் தங்கள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, யாருக்கோ டாட்டா காட்டுகிறார்கள் என்று சிரிப்பதுண்டு. கை அசைவது தெரிந்தால் கண்ணில் ஓடுவது இப்போதைய காட்சி. தெரியாவிட்டால் பழசு. அவ்வளவுதான் விஷயம்.

அன்று காலை கிளமெண்ட் நாலு தடவை ஆட்டினார். மனைவி ஜெசிந்தா அவர் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள்.

“இப்ப தெரியுதா?”

“கொஞ்சம் பொறு ளா… ம், வந்துட்டு. வா.”

உப்பளத்துப் புழுதி ஊருக்குள் ஏறிப் பாதிப் பேரின் பார்வையைப் பறித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்தவைதான் மின்விழிகள். எந்தக் கம்பெனியின் விழியானாலும் உள்ளே ஓடுவது ஒரே நிரல் நூலகம், எல்லா விழிக்கும் பொதுவான மென்பொருள். லென்ஸிலிருந்து படத்தை வாங்கி நரம்புக்குக் கொடுப்பது அதன் வேலை. நூலகம் மாறினால் ஊரில் எல்லா விழியும் ஒரே நேரத்தில் மாறும். அதைப் பராமரிப்பவள் ஜெசிந்தா.

படம் வராமல் போனால் நூலகம் என்ன செய்ய வேண்டும்? இருபது வருடத்துக்கு முன் அதற்கு விடை எழுதியவளும் அவள்தான். ‘முந்தைய படத்தையே மறுபடி கொடு. பிழை என்று சொல்லாதே, சரி என்று சொல்.’ அப்போதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான் படம் தவறும். தற்காலிக ஏற்பாடு என்று பக்கத்தில் குறிப்பும் எழுதிவைத்தாள். தற்காலிகமாம்! கம்பெனிகள் சும்மா விடுமா? எப்படியும் ‘சரி’ என்றுதானே வருகிறது என்று மட்டமான லென்ஸ்களைப் பொருத்தித் தள்ளின. விழிகள் பழசாகப் பழசாக, முந்தைய படம் பத்து நொடி, அரை நிமிடம் என்று அப்படியே நின்றது. சாலை காலியாகக் கிடக்கிறது என்று நம்பி இறங்கியவர்கள் லாரியில் அடிபட்டுச் செத்தார்கள். பதினொரு பேர். அந்தப் பதினொரு பெயரும் ஜெசிந்தாவுக்கு மனப்பாடம்.

மூன்று வருடமாக, படம் தவறும்போதெல்லாம் கண்ணோரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியைக் காட்டி எச்சரித்தும் பார்த்தார்கள். யார் சட்டை செய்தார்கள்? பழகிப்போனவர்களுக்குப் புள்ளி இருப்பதே மறந்துவிட்டது. கடைசியில், இனிமேல் படம் வராவிட்டால் இருட்டையே காட்டுவது என்று முடிவாயிற்று.

“ஜெசிந்தாக்கா, இன்னைக்கு மூணு மணிக்குப் புது நிரலை வெளியிடணும். கையொப்பம் நீங்கதான் போடணும்,” என்றாள் உடன் வேலை பார்க்கும் சங்கரவடிவு.

“பழைய விழிகளுக்கு மட்டும் பழைய வழியை விட்டுவைச்சா என்ன, வடிவு?”

“செத்ததுல ஒம்பது பேரு பழைய விழிதானக்கா.” வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். “அண்ணனை நெனைச்சுத்தான் கேக்கீங்கன்னு தெரியுது. ஆனா ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாக் கம்பெனியும் அது வழியாத்தான் வருவான்.”

கிளமெண்டின் விழியைச் செய்த கம்பெனி என்றோ மூடிவிட்டது. அதைக் கழற்றினால் நரம்பும் கூடவே போய்விடும். அவருக்கு ஒரு படம் வந்து அடுத்தது வரச் சில சமயம் ஒரு நிமிடம்கூட ஆகும். கடவுளே, இனி அந்த மனிதருக்குப் பகல் முழுக்க இருட்டுதானா? ஜெசிந்தா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“உங்க கண்ணுக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது,” என்றாள்.

சோற்றைப் பிசைந்த கிளமெண்டின் கை நின்றது. “எதுக்கு?”

“இல்லேன்னா பெரும்பாலும் இருட்டுங்க.”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

“ஏளா, உங்கம்மா செத்த சேதியை நீ வந்து சொன்னியே, ஞாபகம் இருக்கா? குரல் தேம்புது. என் கண்ணுல நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற. அன்னையிலேர்ந்து உன் மூஞ்சியை நான் நம்புததே இல்ல. காதைத்தான் நம்புதேன்.”

ஜெசிந்தாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிரித்த முகத்தைக் காட்டி ‘சரி’ என்று சொன்னது அவள் எழுதிய வரி.

“பதினொண்ணு பன்னெண்டாவணுமா? அதுவும் நானா இருந்தா நீ தாங்குவியா? கையொப்பத்தைப் போடு.”

விலக்கு எதுவும் எழுதாமல், மூன்று மணிக்கு அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே ஜெசிந்தா கையொப்பமிட்டாள்.

“போச்சு,” என்றார் கிளமெண்ட். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் கடந்தது.

திடீரென்று அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது.

“ஐயோ, இப்படியா ளா அழுவுத?”

கையை நீட்டினார். அதற்குள் மறுபடி இருட்டியிருக்க வேண்டும். விரல்கள் அவள் காதில் பட்டு, அங்கிருந்து தடவித் தடவிக் கன்னத்துக்கு வந்து கண்ணீரைத் துடைத்தன.

“அடுத்த படம் எப்ப வரும்?” என்று கேட்டார்.

“தெரியலைங்க,” என்றாள் ஜெசிந்தா.