ஆற்றுப் பக்கம் நீண்ட விரல்கள்

“நீ கேட்டதை அப்படியே சொல்லு, கண்ணு. ஒரு வார்த்தைகூடச் சேர்க்காம.”

“‘அவ எந்தப் பக்கம் போனா?’ அவ்வளவுதான் மிஸ் ஒடெட். மொத்தக் கூட்டமும் ஆத்துப் பக்கம் கையைக் காட்டுச்சு.”

“மொத்தமுமா?”

“ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல.”

ஒடெட் ப்ரூயிட் குளிர்ந்த தேநீரில் மிதந்த ஐஸ் கட்டியைக் கரண்டியால் அமுக்கினார். மாவட்டக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடுத்தெருவில் இரண்டு கார்கள் மோதினால்கூடப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். ஒரே வாயாகப் பேசும் கூட்டத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எதிரே வெண்டல் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டியவன், ஒரு பூனைக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாதவன். ஆனால் ஆஷ்பி ஃபெரி என்ற அருங்காட்சியக ஊரில் மூன்று வருஷமாக அவனுக்கு அமைந்த வேஷம், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்து வருகிறவனுடையது. முரட்டுக் கம்பளிக் கோட்டு, தோளில் சுருட்டிய கயிறு. பதற்றத்தில் அவற்றைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அவர் வீட்டுக்கு ஓடி வந்திருந்தான்.

அந்த வேஷம் வரும் நிகழ்ச்சியை உருவாக்கியவள் டெல்ஃபின் கேட்ஸ். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கும் அந்த ஊருக்கு வருகிறவர்கள், அதுவரை எஜமானர்களின் வெள்ளிப் பாத்திரங்களைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். டெல்ஃபின் அவர்களைச் சமையற்கட்டுக்குள் அழைத்தாள். ஜூடித் என்ற அடிமைப் பெண்ணாக அவர்கள் கண்முன்னே தப்பி ஓடி ஒளிந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அன்றன்றைக்கு அவளே முடிவு செய்வாள், வெண்டலுக்குக்கூடத் தெரியாது. அவன் வந்து விசாரிக்கும்போது என்ன பதில் சொல்வது என்பது கூட்டத்தின் பாடு.

சமையற்கட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், பிடிபட்டவர்களின் கழுத்தில் பூட்டிய இரும்பு வளையம். அந்த அடிமைகளின் வம்சத்தார் டெல்ஃபினை நம்பிக் கொடுத்த பொருள் அது. இன்று வெண்டல் வேஷம் கட்டிக்கொண்டு சமையற்கட்டு வழியாக வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. வளையம் இல்லை. பூட்டில் ஒரு கீறலும் இல்லை. அதற்குச் சாவிகள் இரண்டு: ஒன்று டெல்ஃபினிடம், மற்றொன்று அருங்காட்சியக இயக்குநர் பெல்ஹமிடம். முதலில் டெல்ஃபினிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வெண்டல் ஓடிப்போய்க் கூட்டத்தை அப்படிக் கேட்டான். ஆற்றுப் பக்கம் அவளைக் காணாமல், கூட்டம் காட்டியதை பெல்ஹமிடம் போய்ச் சொன்னான்.

அது அவள் கழுத்துக்கே வந்துவிட்டது. அவள் ஏப்ரனில் எதையோ சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பாதையில் ஓடியதை ஜன்னலிலிருந்து தன் கண்ணாலேயே பார்த்ததாக பெல்ஹம் சொன்னார். அந்த இரும்பை ஆற்றில் வீசினால்தான் மனம் ஆறும் என்று அவள் ஒருமுறை கோபத்தில் சொன்னதையும் நினைவுபடுத்தினார். சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுகிறது. டெல்ஃபினின் வேலை போகும், நிகழ்ச்சிக்கும் மூடுவிழா. பக்கத்துப் புல்வெளியைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பெல்ஹமுக்கு, கயிறும் அழுகையும் விருந்தாளிகளின் காதில் விழுவது எப்போதுமே பிடித்ததில்லை.

“டெல்ஃபின் என்ன சொல்றா?”

“சர்ச் பக்கம்தான் போனேங்கிறா. ஆனா இத்தனை பேர் சேர்ந்து தப்பாச் சொல்வாங்களா?”

ஒடெட் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

காலையில் நிகழ்ச்சி பார்த்த கூட்டம் ஆஷ்பி ஃபெரி விடுதியின் முற்றத்தில் பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. வெண்டல் நெருங்கியதும் ஒரு சிறுமி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒடெட் அதைப் பார்த்தார். வெண்டலையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“வெண்டல், முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு. கயித்தையும் கீழ போடு. இப்பக் கேளு.”

உள்ளே மகளின் பள்ளிப் பந்தாட்டக் குழுவின் மஞ்சள் பனியன் போட்டிருந்தான். அந்தக் கோலத்தில் அதே கேள்வியைக் கேட்டான். சிறுமியின் அப்பா கடித்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, “ஆட்டம் முடிஞ்சுதா? நெசமாவா?” என்றார்.

“நெசமாத்தான்,” என்றார் ஒடெட்.

சிறுமியின் விரல் மெல்ல உயர்ந்தது. ஆற்றுப் பக்கம் அல்ல, சர்ச் பக்கம். அதன் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஜூடித் இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சர்ச் சுவரைத் தாண்டினாளாம். பேரிக்காய் மரத்தடியில் கடைசிவரை அவர்கள் பார்வையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அவளோடு சமையற்கட்டை விட்டு வந்தபோது வளையம் பெட்டியில்தான் இருந்ததாம்.

“இவரு கயித்தோட வந்து கேட்டா உண்மையச் சொல்லிருவோமா? யார் கேட்டாலும் ஆறுன்னு சொல்லணும்னு எல்லாரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டோம்,” என்றார் அப்பா.

அவன் வெண்டலாகத்தான் கேட்டான். அவர்கள் கோட்டுக்குப் பதில் சொன்னார்கள். தன் கேள்விதான் டெல்ஃபினை மாட்டிவிட்டது என்பது உறைத்தது. இத்தனை முன்பின் தெரியாதவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்க மறுத்தார்கள் என்பதும் கூடவே உறைத்தது. கூனிக்குறுகுவதா, கண்கலங்குவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இயக்குநரின் அறைக்குப் போனார்கள். ஜூடித்தின் உடையிலேயே சுவரோரம் நின்றிருந்தாள் டெல்ஃபின். ஒடெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெல்ஹம் பார்த்ததை மறுபடி சொல்லச் சொன்னார். ஆற்றுப் பாதை, ஏப்ரன், சுருட்டிய பொருள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார் அவர்.

“இன்னிக்கு ஆத்துப் பக்கம் அவ போகவே இல்ல சார்,” என்றார் ஒடெட். “அது கூட்டம் சேர்ந்து கட்டுன பொய். அவளைக் காப்பாத்தக் கட்டுனது. வெண்டல் அதை நம்பி ஓடி வந்து உங்ககிட்டச் சொன்னான். நீங்க என்னடான்னா, அந்தப் பொய்யை ஜன்னல் வழியா கண்ணால பாத்தேங்கிறீங்க.”

பெல்ஹம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

“அவங்க வெளிய வந்தப்போ வளையம் இருந்துச்சு. வெண்டல் உள்ள வந்தப்போ இல்ல. அந்த நேரம் பூராவும் டெல்ஃபின் கூட்டத்தோட கண்ணு முன்னாடி, வெறுங்கையோட. சாவி ரெண்டே ரெண்டுதான்.”

பிறகு பெல்ஹம் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். கல்யாண மேசைவிரிப்பின் வெள்ளைத் துணிக்குள் வளையம் இருந்தது. நிகழ்ச்சியை நிறுத்திய பிறகு எங்காவது கிடைத்த மாதிரி எடுத்துக் கொடுத்துவிடத்தான் இருந்தேன் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டெல்ஃபின் கத்துவாள் என்று வெண்டல் நினைத்தான். அவள் வளையத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, துணியை உருவி மேசைமேல் போட்டாள்.

“குழுவுக்கு என்ன சொல்லணுமோ அதை மிஸ் ஒடெட் சொல்லிப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். இந்த நிகழ்ச்சியை நீங்க ஒரு நாள்கூட வந்து பாத்ததில்ல. நாளைக்குக் கூட்டத்தோட கூட்டமா நில்லுங்க. நான் ஓடி ஒளியறதைப் பாருங்க. அப்புறம் வெண்டல் கயித்தோட வந்து உங்க முகத்துக்கு நேரா கேப்பான். நீங்க எந்தப் பக்கம் கையைக் காட்டுறீங்கன்னு நான் மறைஞ்சிருக்கிற இடத்துலேர்ந்து பாக்கணும். வர்றீங்களா?”