கூடிய எலும்பு

வயல் நடுவே இருந்த இடுகாட்டுக்கு லுவா வந்து சேர்ந்தபோது விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குளிர்காலத் தூறல் விடாமல் நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஹியூ அவளுக்கு முன்பே வந்து, குழிக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டி, சவப்பெட்டியின் மூடிவரை தோண்டி முடித்திருந்தான்.

புதைத்து மூன்று வருடமானால் எலும்பை எடுத்துக் கழுவி, சின்ன மண்பேழையில் அடுக்கி, வேறிடத்தில் நிரந்தரமாக வைத்துவிடவேண்டும். வெயில் படக்கூடாது, அதனால்தான் இந்த நேரம். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். லுவாவுக்குப் பயம் ஏதுமில்லை. மாவுக்கட்டுப் போட்ட இடது மணிக்கட்டுதான் குளிரில் விண்ணென்று தெறித்தது.

போன மாதம் சோற்றுப் பானையைத் தூக்கும்போது மளுக்கென்று முறிந்த கை அது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலேயே படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு முப்பத்தெட்டுதானே ஆகுது? எழுபது வயசுக் கிழவி எலும்பு மாதிரி அரிச்சுப் போயிருக்கே!" என்றார். பாலும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

"அண்ணி, அந்தப் பக்கம் நில்லுங்க. மூடிய எடுக்கிறோம்."

எலும்பு எடுத்துக் கொடுக்கும் தொழிலாளி சின் குழிக்குள் இறங்கினார். ஐம்பது வயது மனிதர். ஒரு மடக்கு அரிசிச் சாராயத்தை விழுங்கிவிட்டு, மறு மடக்கைக் கைகளில் தேய்த்துக்கொண்டார். ஈர மண்ணும் மட்கிய பலகையும் நாறின. மண்டை ஓடு, தாடை, விலா என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது. வாசனைப் பட்டை போட்ட வெந்நீரில் லுவா வலது கையால் கழுவினாள். எல்லாம் காய்ந்து லேசாகிப் பழுப்பேறிப் போயிருந்தன. அவள் கணவன் தொவானில் மிச்சம் அவ்வளவுதான்.

பிறகு சின் இடது தொடை எலும்பை எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா, இவருக்குத் தொடை எப்ப ஒடஞ்சது?"

"சாரத்துலேருந்து விழுந்தப்ப. அதுலதான் போயிட்டாரு."

"விழுந்து எத்தன வருஷம் இருந்தாரு?"

"வருஷமா? மூணாவது நாளே போயிட்டாரு. எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரல அடச்சிருச்சுன்னாங்க."

சின் எலும்பை அவளிடம் நீட்டினார்.

எலும்பு ஒரே துண்டாக இருந்தது.

தொவானின் தொடையைப் படம் எடுத்தவளே அவள்தான். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஏறிக்கொண்டு, இடையில் மூன்று விரல் அகலச் சில்லு ஒன்று தனியாகக் கிடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அந்த இடத்தில் வழவழப்பான புடைப்பு ஒன்று சுற்றிலும் வளர்ந்து மூடியிருந்தது. உடைந்த எலும்பு கூடுவது எப்படியென்று அவளுக்குத் தெரியும். முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்தெலும்பு வளரும், அதற்குள் சுண்ணாம்பு ஏறும். அப்புறம் தின்னுகிற அணுக்கள் வேண்டாததைத் தின்னும், கட்டுகிற அணுக்கள் வரிவரியாகக் கட்டும். ஒன்றரை வருடமாவது ஆகும். உயிருள்ள உடம்பில்.

மற்ற எலும்புகளைவிட இது கனத்தது.

வெந்நீரில் இன்னும் நனைக்கவில்லை. ஆனாலும் கைக்குக் கதகதப்பாக இருந்தது.

"சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். விலா எலும்பிலிருந்து இல்லை. அவை தேயாமல் முழுதாக இருந்தன. உடம்புக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டால், இருக்கிற எலும்பைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். அவள் தன் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

மூன்று வருடம்.

"ஐயா, இத ஒடச்சிடுங்க" என்றாள்.

"நான் மாட்டேன். நீயும் ஒடைக்காத தாயி."

"பேய் பிடிச்ச எலும்ப அப்படியே வைக்கச் சொல்றீரா?" என்று ஹியூ சீறினான். "விடியப்போகுது, சீக்கிரம்!"

"டேய், கத்தாத. செத்த மனுசன் ஆரம்பிச்ச வேலைய முடிச்சுட்டாரு. முடிஞ்சுபோனதக் கலைக்கிறது நல்லதில்ல. கழுவி உள்ள வச்சுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் சின்.

லுவா கேட்கவில்லை. பதினொரு வயது மகள் மியேன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். தானும் அரித்துப் போய்ச் செத்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எலும்பைச் செங்கல் மேல் வைத்தாள். மண்வெட்டியின் பின்புறத்தால் ஒற்றைக் கையில் ஓங்கி அடித்தாள்.

மூன்றாவது அடியில்தான் மூன்று துண்டாக உடைந்தது.

உள்ளே தேன்கூடு போன்ற எலும்புப் பின்னல் சிவப்பாக, ஈரமாக இருந்தது.

பச்சை ரத்த வாடையடித்தது.

ஹியூ திரும்பி ஓடிப்போய் வரப்பில் வாந்தியெடுத்தான். சின் குழிக்குள்ளிருந்து மேலே ஏறி வந்தார். மூன்று துண்டுகளையும் சிவப்புத் துணியில் சுற்றிப் பேழையில் வைத்தார். கூலியைக்கூட வாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறே வாரத்தில் லுவாவின் கை கூடிவிட்டது. டாக்டர் புதுப் படத்தைப் பழையதோடு வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாத்திரைக்கு இவ்வளவு சக்தியா!" என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் துணைக்கு ஆளில்லாமல் நெல்மூட்டையைத் தூக்கினாள். ஹியூவுக்கு வாத்துக்கறி சமைத்துப் போட்டாள்.

நாற்று நடவு முடிந்த சமயம் மியேன் நொண்ட ஆரம்பித்தாள்.

"வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்றாள் லுவா.

"வளர்ற வலி இல்லம்மா. உள்ளேருந்து உறிஞ்சுற மாதிரி இருக்கு."

அன்று மத்தியானமே மகளை எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போனாள். படம் திரையில் வந்தது. இடது தொடை. வளரும் பிள்ளைக்குக் கெட்டியாக வெளுத்துத் தெரியவேண்டிய எலும்பின் சுவர் பென்சில் கோடாக இருந்தது. உள்ளே பின்னலே இல்லை.

லுவாவுக்குப் புரிந்தது. தொவானுக்கு வேண்டியது கிடைத்து முடிந்திருந்தது. இனி அவளிடம் அவன் எதுவும் எடுத்திருக்க மாட்டான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்தது அவள்தான். அரித்துப்போன கிழட்டு எலும்பை விட்டு இந்தத் தடவை அவன் புது எலும்பாகப் பார்த்துக்கொண்டான்.

சின்னுக்குப் போன் செய்தாள்.

"எத்தன துண்டாச்சும்மா அன்னிக்கு?" என்று கேட்டார்.

"மூணு. விழுந்தப்ப ஒடஞ்ச மாதிரியே."

"ம். இனிமே தொடாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேழையை இடுகாட்டின் மறு மூலையில் புதைத்திருந்தார்கள்; கல்லறை கட்ட நல்ல நாள் வராததால் மேலே வெறும் மண்தான் மூடியிருந்தது. நட்டநடுப் பகலில் தார்ப்பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு மண்ணை விலக்கிப் பேழையைத் திறந்தாள். சிவப்புத் துணி நனைந்திருந்தது. மூன்று துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டிய இடத்தில் வெள்ளைக் குருத்தெலும்பு, கோழிக்கால் நுனியில் இருப்பதைப் போல மெத்தென்று. விரலால் தொட்டாள்.

வளைந்தது.

விரலுக்கடியில் ஏதோ துடித்தது.

"அவ உன் பொண்ணு" என்று கிசுகிசுத்தாள். "என்கிட்ட எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ, நான் ஒண்ணும் கேட்கமாட்டேன். அவள விட்டுடு."

பேழையை மூடி மண்ணைத் தள்ளினாள். தவளைகூடக் கத்தவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் வயல் நண்டுகளை ஓட்டோடு உரலில் இடித்து, பிழிந்து, கெட்டிப் பாலில் கலந்து ஒரு கிண்ணம் நிறைய மண்மேட்டில் வைத்துவிட்டு வந்தாள். மாலையில் போய்ப் பார்த்தால் கிண்ணம் துடைத்துவிட்டது போல் காய்ந்து கிடக்கும். நாய் நக்கிய தடமோ எறும்போ இருக்காது. மூன்றாம் நாள் மியேனின் வலி குறைந்தது. ஏழாம் நாள் நொண்டல் நின்றது. புதிதாக எடுத்த படத்தில் சுவர் லேசாகத் தடித்திருந்தது. லுவா ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் மியேனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். "ஓடாத, குதிக்காத" என்று வாசல்வரை வந்து சொன்னாள். வேலைக்குப் போகும் வழியில் இடுகாட்டில் கிண்ணத்தை மாற்ற இறங்கினாள்.

நேற்று வைத்தது அப்படியே இருந்தது. மேலே ஆடை படர்ந்து, விளிம்புவரை நிறைந்து, தொடப்படாமல்.

அவள் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள்.

பையில் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து எண்.